டாப் இல்லாத காரும் மாப்பிள்ளை ஊர்வலமும்

தமிழ்நாட்டில் கூரை இல்லாத காரில் உட்கார்ந்து போக மூன்று பேருக்குத்தான் உரிமை உண்டு. கல்யாணத்துக்கு முதல் நாள் சாயங்காலம் மாப்பிள்ளைக்கு. தேர்தலுக்கு முந்தின வாரம் வேட்பாளருக்கு. வருஷம் முழுக்க சினிமாக் கதாநாயகனுக்கு. நான்காவதாக ஒரு ஆள், செம்பாக்கம் காமராஜபுரத்திலிருந்து தாம்பரத்துக்கு ஏதோ ஒரு வேலையாக, ஒரு சாதாரணச் செவ்வாய்க்கிழமை, டாப் இல்லாத பழைய காரில் போனால் வேளச்சேரி சாலையில் பஸ்ஸுக்கு நிற்கிற எல்லாரும் திரும்பிப் பார்ப்பார்கள். யாராவது ஒரு பெரியவர் கேட்டும் விடுவார். "என்ன தம்பி, யாருக்கு ஜானவாசம்?"

கிண்டல் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தக் கிண்டலுக்குள் ஒரு முடிவு ஒளிந்திருக்கிறது. திறந்த கார் என்பது ஜோடனை, பூமாலை கட்டி மெதுவாக உருட்டிக்கொண்டு போவதற்கானது, ஓட்டுவதற்கானது அல்ல என்ற முடிவு. பஸ் ஸ்டாப் பெரியவர் மட்டும் அப்படி நினைத்தால் பரவாயில்லை. பழைய காரின் கூரையை ரம்பத்தால் அறுத்து "ஸ்போர்ட்ஸ் கார்" ஆக்குகிறவரும் அப்படித்தான் நினைக்கிறார். வாங்கி உறை போட்டு மூடி வைக்கிற சேகரிப்பாளரும் அப்படித்தான் நினைக்கிறார். டெல்லியில் உட்கார்ந்து மோட்டார் வாகன விதி எழுதுகிறவர்களும் அதையேதான் நினைக்கிறார்கள். இந்த மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். ஆனால் மூவருக்கும் கொள்கை ஒன்றுதான்.

இந்தப் பேச்சை செம்பாக்கத்தில் வைத்துப் பேசுவதற்குக் காரணம் இருக்கிறது. 2021ல் தாம்பரம் மாநகராட்சியோடு சேர்ந்துவிட்ட இந்த ஊரிலிருந்து சுமார் பத்து கிலோமீட்டர் தள்ளி, ஜி.எஸ்.டி. சாலையோரம், பெருங்களத்தூர் - வண்டலூர் பக்கம் ஒரு கார் தொழிற்சாலை இருந்தது. ஹூண்டாயும் ஃபோர்டும் சென்னையைத் தேடி வருவதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்னால் இருந்தது. ஸ்டாண்டர்ட் மோட்டார் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா. நாட்டில் அம்பாசடர், ஃபியட், ஸ்டாண்டர்ட் என்று மூன்றே மூன்று கார்கள் இருந்த காலத்தில் அந்த மூன்றாவது கார் தாம்பரம் வட்டாரத்துக் கார். இன்றைக்குத் தாம்பரத்தில் கல்லூரிக்குப் போகிற பத்து பேரை நிறுத்திக் கேட்டால் ஒருவருக்காவது தெரியுமா என்பது சந்தேகம்.

அங்கே செய்யப்பட்டவற்றில் பெயர் வாங்கியது ஸ்டாண்டர்ட் ஹெரால்ட். இங்கிலாந்தில் 1959ல் டிரயம்ஃப் ஹெரால்ட் என்ற பெயரில் வந்த கார், இங்கே 1961ல் ஸ்டாண்டர்ட் ஹெரால்ட் ஆனது. உருவம் வரைந்தவர் இத்தாலியின் ஜியோவான்னி மிக்கெலோட்டி. 948 சி.சி. என்ஜின். முன்பக்கம் முழுக்க, மட்கார்டு உட்பட, ஒரே துண்டாக முன்னால் கவிழ்ந்து திறக்கும். மெக்கானிக் முன் டயர் மேலேயே உட்கார்ந்துகொண்டு வேலை பார்க்கலாம். திரும்பும் வட்டம் 25 அடி. ராஜகீழ்ப்பாக்கம், செம்பாக்கம் பக்கத்து உள்தெருக்களில் எஸ்.யூ.வி.யை வைத்துக்கொண்டு மூன்று தடவை ரிவர்ஸ் எடுத்துத் திரும்புகிறவர்கள் இந்த ஒரு வரியைத் திரும்பப் படிக்கலாம்.

டாப் விஷயத்துக்கு வந்தால், ஹெரால்ட் கட்டப்பட்ட விதமே விநோதமானது. 1950களில் டிரயம்ஃப் கம்பெனிக்கு பாடி செய்து கொடுத்துக்கொண்டிருந்த நிறுவனத்தைப் போட்டிக் கம்பெனி வாங்கிவிட்டது. முழு பாடியை ஒரே இடத்தில் செய்து தர ஆள் இல்லை. அதனால் துண்டு துண்டாக வெவ்வேறு இடங்களில் செய்து, கொண்டுவந்து, தனியான ஒரு சேஸின் மேல் போல்ட் போட்டு இணைக்கிற மாதிரி வடிவமைத்தார்கள். மற்ற கம்பெனிகள் எல்லாம் சேஸே இல்லாத, பாடியே எல்லாப் பாரத்தையும் தாங்குகிற முறைக்குப் போய்க்கொண்டிருந்தபோது இவர்கள் பின்னால் நடந்தார்கள். அதில் கிடைத்த லாபம், ஹெரால்டின் கூரையும் போல்டில்தான் நிற்கிறது. கூரை இல்லாவிட்டாலும் பாரம் தாங்க அடியில் சேஸ் இருக்கிறது. 1960லேயே இங்கிலாந்தில் ஹெரால்ட் கன்வெர்ட்டிபிள் வந்துவிட்டது. 1962ல் அதே சேஸைக் கொஞ்சம் குட்டையாக்கி, மேலே இரண்டு பேர் உட்காரும் பாடி வைத்து டிரயம்ஃப் ஸ்பிட்ஃபயர் என்று விற்றார்கள். 1980 வரை மூன்று லட்சத்துக்கும் மேல் விற்ற கார். இங்கிலாந்தில் "கையில் காசு இல்லாதவனின் ஸ்போர்ட்ஸ் கார்" என்றால் அங்கே முதலில் நினைவுக்கு வரும் பெயர்களில் ஒன்று.

ஆக, ஸ்பிட்ஃபயரின் சொந்த அண்ணன் பெருங்களத்தூரில் உற்பத்தியாகிக்கொண்டிருந்தான். தம்பியை மட்டும் இங்கே யாரும் செய்யவில்லை. நிஜமான இரண்டு சீட் திறந்த கார் இந்தியாவில் வர 1990களின் கடைசி வரை காத்திருக்க வேண்டியிருந்தது. சான் ஸ்டார்ம் என்று பெயர். பெங்களூர்க் கம்பெனி, கோவாவில் தொழிற்சாலை, ஃபைபர் பாடி, 1.2 லிட்டர் ரெனோ என்ஜின், 60 குதிரைசக்தி. வெளிநாட்டுக் காரின் பிரமிப்பும் இல்லை, மாருதியின் மலிவும் இல்லை. அதனால் வாங்க ஆள் இல்லாமல் போனது. கம்பெனியும் இப்போது கார் செய்வதில்லை.

இந்த இரண்டு கார்கள்தான் இந்தக் கட்டுரையின் இளைஞருக்கு முன்னால் இருப்பவை. வயது 25 என்று வைத்துக்கொள்ளலாம். செம்பாக்கத்தில் அப்பா கட்டிய வீடு, சோழிங்கநல்லூரில் வேலை, வங்கியில் ஒரு புது புல்லட் வாங்குகிற அளவுக்குப் பணம். அவருக்கு டாப் இல்லாத ஸ்போர்ட்ஸ் கார் வேண்டும். ஆசைப்படுவதில் எந்தத் தப்பும் இல்லை. அடுத்து அவர் யாரிடம் போய் யோசனை கேட்கிறார் என்பதில்தான் எல்லாத் தப்பும் ஆரம்பிக்கிறது.

முதலில் ஒரு புரோக்கர் கிடைப்பார். "எதுக்குத் தம்பி ஹெரால்ட தேடி அலையறீங்க? ஒரு பழைய மாருதி 800 எடுங்க, நம்ம பட்டறைல டாப்பை எடுத்துடலாம், சிவப்புப் பெயிண்ட் அடிச்சு, வீல் மாத்திட்டா ஃபெராரி மாதிரி இருக்கும்" என்பார். இந்த மாதிரி ஃபெராரிகளைக் கல்யாண மண்டப வாசல்களில் பார்க்கலாம். மாப்பிள்ளையை ஏற்றிக்கொண்டு பத்து கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது ஒன்றும் ஆகாது. ஆனால் மாருதி 800ம் சரி, பிரீமியர் பத்மினியும் சரி, அம்பாசடரும் சரி, தனிச் சேஸ் இல்லாத கார்கள். கூரைதான் அங்கே உத்தரம். வீட்டின் நடு உத்தரத்தை அறுத்து எடுத்துவிட்டு "காற்றோட்டமாக இருக்கிறது" என்று சொல்கிறவரை என்ன சொல்வது? அறுத்த மறுமாதமே கதவு சரியாக மூடாது. ஸ்பீடு பிரேக்கரில் ஏறினால் நடுவில் முறுகும். கண்ணாடி விரிசல் விடும். பக்கவாட்டில் ஒரு தண்ணீர் லாரி இடித்தால் என்ன ஆகும் என்பதை எழுத வேண்டியதில்லை.

சட்டமும் இதை அனுமதிக்கவில்லை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52வது பிரிவு, கம்பெனி கொடுத்த விவரத்திலிருந்து மாறுகிற மாதிரி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் கேரள வழக்கு ஒன்றில் அதை இன்னும் அழுத்தமாகச் சொன்னது. அதே வருஷம் சட்டத்தில் வந்த திருத்தத்தின்படி அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். அறுக்கிறவர்கள் விஷயத்தில் சட்டத்தின் பக்கம்தான் நியாயம். அபராதம் குறைவு என்று வேண்டுமானால் சண்டை போடலாம்.

ஆனால் இதே 52வது பிரிவு ஒரு ஹெரால்டின் போல்டைக் கழற்றி, துணி ஹூட் போட்டு, வேண்டாதபோது கூரையைத் திரும்ப மாட்டிக்கொள்கிறவரையும் அதே தராசில் வைக்கிறது. ஆர்.சி. புத்தகத்தில் சலூன் என்று இருந்தால் சலூன்தான். ரம்பம் பிடித்தவனும் ஸ்பேனர் பிடித்தவனும் சட்டத்துக்கு ஒன்று. உலகத்தில் அந்தக் காரைச் செய்த கம்பெனியே கூரையோடும் கூரையில்லாமலும் ஒரே சேஸில் விற்றது என்பது கணக்கில் வராது. அதனால் நம் இளைஞருக்கு நேர்மையாகச் சொல்ல வேண்டிய யோசனை இது. டாப் இல்லாத கார்தான் வேண்டும் என்றால், தொழிற்சாலையிலிருந்தே டாப் இல்லாமல் வந்து, ஆர்.சி.யிலும் அப்படியே பதிவான காரைத் தேட வேண்டும். சான் ஸ்டார்ம் அப்படிப்பட்டது. ஹெரால்ட் பிடித்திருந்தால் கூரையோடு வாங்கி, கூரையோடு ஓட்ட வேண்டும். ஸ்போர்ட்ஸ் கார் என்பது தலைக்கு மேலே இருக்கிற சமாச்சாரம் இல்லை. சோழவரம் விமான ஓடுதளத்தில் பந்தயம் நடந்த காலத்தில் ஓடிய ஹெரால்ட்களை யாரும் கூரையைப் பார்த்துக் கைதட்டவில்லை.

அடுத்த பொய் "சீப்". இதை நம்பித்தான் பலர் மாட்டுகிறார்கள். பழைய ஸ்போர்ட்ஸ் காரின் விலை என்பது அதை வாங்கும் உரிமைக்கான டிக்கெட், அவ்வளவுதான். படம் அதற்கப்புறம்தான் ஆரம்பம். தாம்பரத்திலிருந்து கடல் தூரமில்லை. உப்புக் காற்றும் வடகிழக்குப் பருவமழையும் சேர்ந்து ஹெரால்டின் சேஸை உள்ளிருந்து தின்றிருக்கும். மேலே பட்டி பூசிப் பெயிண்ட் அடித்திருப்பார்கள். ஒரு சின்னக் காந்தத்தை பாடி முழுக்க ஓட்டிப் பார்த்தால் ஒட்டாத இடமெல்லாம் பட்டி என்று தெரிந்துவிடும். பத்து ரூபாய்க் காந்தம் சொல்கிற உண்மையைப் புரோக்கர் சொல்ல மாட்டார். சான் ஸ்டார்மில் இந்தத் தொல்லை கொஞ்சம் குறைவு, ஃபைபர் துருப்பிடிக்காது. ஆனால் அதன் ரெனோ என்ஜின் இங்கே அதிகம் விற்ற வேறு எந்தக் காரிலும் வரவில்லை. ஜி.பி. ரோட்டில் கடை கடையாக ஏறி இறங்கினாலும் கேட்ட பாகத்தின் பெயரே புரியாமல் கடைக்காரர் விழிப்பார்.

2015 டிசம்பர் 1, 2 தேதிகளில் தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் மழை கொட்டியதும் இங்கே நினைவுக்கு வர வேண்டும். தரையோடு தரையாக உட்கார்ந்திருக்கிற இரண்டு சீட் காரை, ஏரிகளுக்கு நடுவே வீடு கட்டியிருக்கிற ஊரில், எங்கே நிறுத்துவது என்பது வாங்குவதற்கு முன்னால் யோசிக்க வேண்டியது. வாங்கிய பிறகு யோசித்தால் அது நவம்பராக இருக்கும்.

பாதுகாப்பு என்று பார்த்தால் ஏர்பேக் கிடையாது, ஏ.பி.எஸ். கிடையாது, பழைய ஹெரால்டில் பிரேக் நாலும் டிரம். பின்பக்கத்து ஆக்ஸில் வேறு ஒரு மாதிரி. வளைவில் வேகமாகப் போய் சட்டென்று ஆக்ஸிலேட்டரை விட்டால் வெளிப்பக்கச் சக்கரம் உள்ளே மடங்கி வண்டி தூக்கிவிடப் பார்க்கும். இந்திய வாங்குபவர்களுக்கும் மெக்கானிக்குகளுக்கும் அந்த ஆக்ஸில் பிடிக்கவே இல்லை. 1972ல் ஹெரால்டுக்குப் பதிலாக வந்த ஸ்டாண்டர்ட் கஸெலில் அதைத் தூக்கிவிட்டு சாதாரண ஆக்ஸில் வைத்தார்கள். இதையெல்லாம் மறைத்துவிட்டு பழைய காரைப் புகழ்கிறவர்களை நம்ப வேண்டாம். அவர்கள் ஓட்டுவதில்லை, அதனால் தெரியாது.

ஹெரால்டின் முன் சக்கரம் திரும்புகிற இடத்தில் டிரன்னியன் என்று ஒரு சின்ன பாகம் உண்டு. அடியில் பித்தளையில் மரை வெட்டியிருக்கும், மேலிருந்து வரும் இரும்பு அதில் திருகி நிற்கும். ஸ்டியரிங்கைத் திருப்பும்போதெல்லாம் அந்த மரையில்தான் திரும்புகிறது. அதற்கு கியர் ஆயில் விட வேண்டும். கிரீஸ் அடிக்கக் கூடாது. கிரீஸ் மரைக்குள் இறங்காது, கட்டிதட்டி நின்றுவிடும், உள்ளே தண்ணீர் புகுந்து இரும்பு அரிக்கும். ஒரு நாள் அது முறிந்தால் முன் சக்கரம் அப்படியே மடிந்து படுத்துவிடும். பக்கத்தில் இருக்கிற எல்லா இடத்துக்கும் கிரீஸ் கன்னை வைத்து அடித்துக்கொண்டு வருகிற பையன் இதற்கும் ஒரு அழுத்து அழுத்திவிட்டுப் போவான். அவன் தப்பில்லை, அவனுக்கு யாரும் சொல்லவில்லை. "தம்பி, அதுக்கு ஆயில்டா, கிரீஸ் இல்ல" என்று சொல்கிற ஒரு பெரியவர் அந்தப் பட்டறையில் இருந்தால்தான் கார் பிழைக்கும்.

இந்தச் சண்டையில் பணயம் வைக்கப்பட்டிருப்பது அந்தப் பெரியவர்தான். 948 சி.சி. என்ஜினில் வால்வு கிளியரன்ஸ் வைக்கத் தெரிந்தவர், கார்புரேட்டரைக் காதால் டியூன் செய்கிறவர், குறுக்கே கிடக்கிற அந்தப் பின்பக்கக் கமான் பட்டையைக் கழற்றி மாட்டத் தெரிந்தவர், கிடைக்காத புஷ்ஷை லேத்தில் கொடுத்துக் கடைந்து வாங்கத் தெரிந்தவர். 1988ல் ஸ்டாண்டர்ட் கம்பெனி உற்பத்தியை நிறுத்தியது. அதற்கு முன்னால் 1985ல் ஸ்டாண்டர்ட் 2000 என்று ஒரு பெரிய காரைக் கொண்டுவந்து பார்த்தார்கள், எடுபடவில்லை. 2000களில் சொத்துகள் விற்கப்பட்டு, தொழிற்சாலை நின்ற நிலத்தில் ஐ.டி. கட்டடங்களும் அடுக்குமாடிகளும் வந்துவிட்டன. உற்பத்தி நின்ற வருஷம் இருபது வயதில் வேலை பழகிய பையனுக்கே இப்போது அறுபதை நெருங்குகிறது. அவருடைய அறிவு எந்தப் புத்தகத்திலும் இல்லை. மாதம் ஒரு ஹெரால்டாவது பட்டறைக்கு வந்தால் அவர் கை மறக்காது. பக்கத்தில் நின்று ஸ்பேனர் எடுத்துக் கொடுக்கிற பையனுக்கும் நாலு விஷயம் ஒட்டும். கார் ஓடவில்லை என்றால் அவரும் பைக்குக்குப் பஞ்சர் ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

இந்த இடத்தில்தான் சேகரிப்பாளர்கள் மேல் கோபம் வருகிறது. அறுக்கிறவன் ஒரு காரை ஒரு தடவைதான் கொல்கிறான். இவர்கள் மெதுவாகக் கொல்கிறார்கள். ஈ.சி.ஆர். பங்களாவின் பின்பக்கம் ஏழெட்டு கார்கள், எல்லாவற்றுக்கும் உறை. வருஷத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை டிரெய்லரில் ஏற்றிக் கொண்டுவந்து இறக்கி, வெள்ளைத் துணியால் துடைத்து, தொப்பி போட்டுக்கொண்டு போட்டோ. சாயங்காலம் திரும்ப டிரெய்லர். நின்றுகொண்டே இருக்கிற காரில் டயர் ஒரு பக்கம் தட்டையாகும். பிரேக் சிலிண்டர் இறுகும். சீல் காயும். பெட்ரோல் டாங்கில் துரு இறங்கும். 2025லிருந்து பங்குகளில் பெரும்பாலும் வருகிற 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் இதை இன்னும் மோசமாக்குகிறது. எத்தனால் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும், அந்தக் காலத்து ரப்பர் ஹோஸைக் கரைக்கும். தினமும் ஓடுகிற காரில் பெட்ரோல் தங்காது, அதனால் ஈரமும் தங்காது, ஹோஸ் மாற்ற வேண்டிய நாளும் கண்ணில் படும். உறைக்குள் இருக்கிற காரில் ஒரு நாள் பெட்ரோல் சொட்டும், யாருக்கும் தெரியாது.

விதி எழுதுகிறவர்கள் யார் பக்கம் என்றால், உறை போட்டவர் பக்கம். 2021 ஜூலையில் மத்திய அரசு விண்டேஜ் வண்டிகளுக்கு என்று தனி விதி கொண்டுவந்தது. முதல் பதிவுக்குப் பிறகு 50 வருஷம் தாண்டி, சேஸ், பாடி, என்ஜினில் பெரிய மாற்றம் செய்யாத வண்டிகளுக்குத் தனிப் பதிவு. கட்டணம் 20,000 ரூபாய், பத்து வருஷத்துக்குச் செல்லும், புதுப்பிக்க 5,000. கேட்க நன்றாக இருக்கிறது. கடைசியில் ஒரு நிபந்தனை. அந்தப் பதிவில் போன வண்டியை வழக்கமான உபயோகத்துக்குச் சாலையில் ஓட்டக் கூடாது. கண்காட்சிக்கு, ராலிக்கு, ஆராய்ச்சிக்கு, பெட்ரோல் போட, ரிப்பேருக்கு எடுத்துப் போகலாம். அதாவது ஜானவாசத்துக்கு மட்டும் எடுக்கலாம். (சட்டத்தை அப்படியே படித்தால் ஜானவாசத்துக்குக்கூட எடுக்க முடியாது, ராலிக்குத்தான்.)

சரி, அந்தப் பக்கமே போகாமல் சாதாரணப் பதிவிலேயே இருந்துவிடலாம் என்றால் அங்கே வேறு மாதிரிக் கதவு சாத்தப்படுகிறது. 15 வருஷம் தாண்டிய காருக்கு ஐந்து வருஷத்துக்கு ஒரு தடவை பதிவைப் புதுப்பிக்க வேண்டும். 2022 ஏப்ரல் வரை அதற்குக் கட்டணம் 600 ரூபாய். அதற்கப்புறம் 5,000. 2025 ஆகஸ்டிலிருந்து 20 வருஷம் தாண்டிய காருக்கு 10,000. பசுமை வரி தனி. ஈ.சி.ஆர். பங்களாக்காரருக்கு இது ஒரு இரவுச் சாப்பாட்டுச் செலவு. செம்பாக்கத்து இளைஞருக்கும், தாத்தா ஓட்டிய ஹெரால்டை விற்க மனமில்லாமல் வைத்திருக்கிற ஓய்வுபெற்ற ஆசிரியருக்கும் அது காரை எடைக்குப் போடச் சொல்கிற நோட்டீஸ். புதுப்பேட்டையில் அந்தக் காரைப் பிரித்து எடைக்குப் போட அரை நாள் போதும்.

பழைய கார் புகை விடும், நகரத்துக்கு ஆகாது என்று ஒரு வாதம் உடனே வரும். புகை விடும், உண்மைதான். ஆனால் தாம்பரம் தாலுகா முழுக்கச் சல்லடை போட்டுத் தேடினாலும் கையில் எண்ணிவிடுகிற அளவுக்குத்தான் ஹெரால்ட்கள் கிடைக்கும். அவை வாரத்துக்கு நூறு கிலோமீட்டர் ஓடினால் காற்று கெட்டுவிடும் என்று சொல்கிறவர், குவாரிகளுக்கும் கட்டட வேலைகளுக்கும் இரவு முழுக்க ஓடுகிற டிப்பர் லாரிகளைப் பற்றி முதலில் இரண்டு வரி சொல்லட்டும். புகைச் சோதனை வைத்து, அதில் தேறாத காரை நிறுத்துங்கள். பிறந்த தேதியைப் பார்த்து நிறுத்துவது சோதனை இல்லை.

இங்கிலாந்தில் இதே கார்களுக்கு என்ன செய்கிறார்கள்? 40 வருஷம் தாண்டினால் சாலை வரி கிடையாது. 2018 மே மாதத்திலிருந்து, பெரிய மாற்றம் செய்யாத 40 வயதுக் கார்களுக்கு வருடாந்திரத் தகுதிச் சோதனைகூடக் கட்டாயமில்லை. (அது கொஞ்சம் அதிகப்படி. சோதனை இருக்கத்தான் வேண்டும்.) ஆனால் காரை வேலைக்கு ஓட்டிப் போகாதே என்று யாரும் சொல்வதில்லை. விளைவு, 1980ல் உற்பத்தி நின்ற ஸ்பிட்ஃபயருக்கு இன்றைக்கும் அங்கே புது டிரன்னியன் கிடைக்கிறது, புது ஹூட் கிடைக்கிறது, கதவுத் தகடு கிடைக்கிறது. நாட்டுப்பற்றால் கிடைக்கவில்லை. கார்கள் ஓடுகின்றன, ஓடுவதால் தேய்கின்றன, தேய்வதால் வாங்குகிறார்கள், வாங்குவதால் யாரோ செய்து விற்கிறார்கள். பெருங்களத்தூர் ஹெரால்டுக்கு டிரன்னியன் வேண்டியவர்களும் அங்கிருந்துதான் வரவழைக்கிறார்கள், சுங்க வரி கட்டி. கோயம்புத்தூரில் ஒரு சின்ன லேத் ஒர்க்ஷாப்பால் செய்ய முடியாத பாகமா அது? செய்யலாம். ஐம்பது பேர் கேட்டால் செய்வார்கள். உறைக்குள் இருக்கிற கார் பாகம் கேட்காது.

வீட்டில் அப்பா கேட்கிற கேள்விக்கும் பதில் சொல்லியாக வேண்டும். "ஏன்டா, இந்த வெயில்ல, இந்தத் தூசில, டாப் இல்லாம எங்கடா போவ? திறந்த வண்டிதான் வேணும்னா ஒரு ஜீப் வாங்கித் தொலையேன்." வெயில் விஷயத்தில் அப்பா சொல்வது சரி. மே மாதம் மதியம் ஒரு மணிக்கு கேம்ப் ரோடு சிக்னலில் திறந்த காரில் நிற்பவன் கருவாடு. ஆனால் காலை ஐந்தரை மணி என்று ஒன்று இருக்கிறது. தை மாதத்தில் செம்பாக்கத்திலிருந்து கிளம்பி, மேடவாக்கம், மாம்பாக்கம், கேளம்பாக்கம் வழியாக கோவளம் போய் ஒரு டீ குடித்துவிட்டு எட்டு மணிக்குள் திரும்பினால், பாதி தூரம் பனி, ஏரிக்கரை, வயல் மிச்சமிருக்கிற இடங்களில் நெல் வாசனை. 948 சி.சி. காரில் அறுபதில் போனால் நூறில் போகிற மாதிரி இருக்கும். அறுபதிலேயே அந்தச் சந்தோஷம் கிடைத்துவிடுவதுதான் இந்தக் கார்களின் சாமர்த்தியம். மஸ்டா கம்பெனி 1989ல் எம்.எக்ஸ்-5 என்று சின்னதாக ஒரு இரண்டு சீட் திறந்த காரைக் கொண்டுவந்து, 2016க்குள் பத்து லட்சம் விற்றது. அதுவும் வேகத்தால் விற்கவில்லை. ஜீப் நல்ல வண்டிதான், மலைக்கும் சேற்றுக்கும். வளைவில் திருப்பிச் சிரிப்பதற்கு அது உதவாது.

செலவைச் சமாளிக்கிற வழி அப்பாவுக்குத் தெரியும், அவர் தலைமுறை அப்படித்தான் வண்டி வைத்திருந்தது. முதலில் மெக்கானிக்கைப் பிடி, அப்புறம் காரை வாங்கு. வாங்குகிற விலைக்குச் சமமாக இன்னொரு தொகையைத் தனியாக எடுத்து வை. முதல் வருஷம் பிரேக், ஹோஸ், ஒயரிங், டயர், டிரன்னியன் தவிர வேறு எதற்கும் காசு செலவழிக்காதே. பெயிண்ட் கடைசி. பளபளப்பு வேண்டியவர்கள் புரோக்கரின் ஃபெராரியை வாடகைக்கு எடுத்து ஒரு சாயங்காலம் உட்கார்ந்துவிட்டு வரலாம்.

மாற்ற வேண்டியது விதியில் மூன்று இடம்தான். விண்டேஜ் பதிவில் "வழக்கமான உபயோகம் கூடாது" என்ற வரியை எடுத்துவிட்டு, வருஷத்துக்கு இத்தனை கிலோமீட்டர் என்று வேண்டுமானால் வரம்பு வைக்கலாம். கட்டணத்தை வயதுக்கு வைக்காமல் புகைச் சோதனைக்கும் பிரேக் சோதனைக்கும் வைக்கலாம். உற்பத்தி செய்த கம்பெனியே திறந்த மாடலாகவும் விற்ற காரில், அறுக்காமல் போல்டைக் கழற்றிச் செய்கிற மாற்றத்தை ஆர்.டி.ஓ. பார்த்து ஆர்.சி.யில் பதிந்து கொடுக்கலாம். டி.என். 11ல் இப்படி வருஷத்துக்கு நாலு விண்ணப்பம் வந்தாலே அதிகம், யாருக்கும் வேலைப்பளு கூடிவிடாது. ஹெரால்ட்கள் எல்லாமே 50 வயதைத் தாண்டிவிட்டன. கஸெல்களில் கடைசியாக 1977ல் வந்தவை 2027ல் தாண்டும்.